சுண்ணக்கல்லின் சாட்சியம்: யாழ்ப்பாணக் குடாநாட்டின் மயோசீன் படைகளும் உயிர்ச்சுவடுகளும்

ஆனந்த குமாரசுவாமியை நாம் கலை வரலாற்றாசிரியராகவே அறிவோம். சிவ நடனம் பற்றிய அவரது கட்டுரையைத் தொடாது செல்லும் தமிழ்க் கலை ஆய்வு அரிது. ஆயின் அவர் தமது அறிவு வாழ்க்கையைப் பாறைகளோடு தொடங்கினார் என்பது அவ்வளவாக நினைவுகூரப்படுவதில்லை. 1902இல் இலங்கையின் பளிங்குருச் சுண்ணக்கற்களைப் பற்றி இலண்டன் புவிச்சரிதவியற் கழகத்தின் சஞ்சிகையில் எழுதியவர் அவர். 1903இல் ஆரம்பிக்கப்பெற்ற இலங்கைக் கனிப்பொருள் அளவையின் முதற் பணிப்பாளரும் அவரே. கண்டி, மாத்தளைப் பகுதிகளிற் கல்லைத் தேடி நடந்த அந்த ஆண்டுகளிலேதான் கைவினைஞரின் கிராமங்களையும் அவர் கண்டார். கல்லிலிருந்து கலைக்கு அவர் சென்றார். நாமோ எதிர்த்திசையில், இலக்கிய ஆய்விலிருந்து கல்லை நோக்கிச் செல்ல விழைகின்றோம். துறைவிட்டுத் துறை புகும் இம்முயற்சிக்கு ஒரு நியாயம் கூறுதல் அவசியமாகின்றது.

யாழ்ப்பாணத்துச் சமூக வாழ்வைச் சித்திரிக்கும் நாவல்களையும் சிறுகதைகளையும் ஆராயப் புகுவோர் மண், கிணறு, தோட்டம், துலா என்பனவற்றை மீண்டும் மீண்டும் சந்திக்கின்றனர். ஆற்றை அவர்கள் சந்திப்பதில்லை. பண்டைத் திணை மரபு வயலுக்கு மருதத்தையும் கடலுக்கு நெய்தலையும் வகுத்தது. ஆறில்லாத, ஆயினும் நீருள்ள, செம்மண்ணின் கீழ் வெண்கல் விரிந்த ஒரு நிலத்துக்கு அம்மரபிலே பெயரில்லை. இந்நிலத்தின் இலக்கியத்தை அதன் பொருளியல் அடித்தளத்தோடு இணைத்து நோக்க முனையும் எவரும் அந்த அடித்தளத்தின் சொற்பொருளான அடித்தளத்தையும், அதாவது பாறையையும், ஒரு முறையேனும் குனிந்து நோக்குதல் வேண்டும் என்பது எமது கருத்து.

இது புதிய கருத்தன்று. கார்ல் மார்க்ஸ் 1878ஆம் ஆண்டின் பல மாதங்களைப் புவிச்சரிதவியல் நூல்களிலிருந்து குறிப்பெடுப்பதிற் செலவிட்டார். ஜூக்ஸ் என்பார் மாணவர்க்கென எழுதிய கைந்நூல் அவற்றுள் முதன்மையானது. அக்குறிப்புகள் 2011இலேதான் தனித் தொகுதியாக அச்சேறின. 1881இல் வேரா சாசுலிச்சுக்கு மறுமொழி எழுத முனைந்தபோது, அக்கடிதத்தின் வரைவுகளில், ஆதிச் சமுதாயங்களின் வகைகளைப் புவியின் படைத்தொடர்களோடு அவர் ஒப்பிட்டார். 'அமைவு' என நாம் சமூகவியலில் ஆளும் சொல்லே ஐரோப்பிய மொழிகளிற் பாறைப்படைகளைச் சுட்டப் பயன்பட்டதுதான். எனினும் ஒப்புமை ஒப்புமையே. பாறைப்படைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைதியாகக் கிடப்பவை. சமுதாயப் படைகள் அவ்வாறு கிடப்பதில்லை. இதனை மறந்து உவமையை விதியாக்கியோர் எம்மிடையிலும் உளர்.

இனிப் பொருளுக்கு வருவோம். இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலம் கேம்பிரியனுக்கு முற்பட்ட உருமாறிய பாறைகளால் ஆயது. கோடிக்கணக்கான ஆண்டுகள் புவியின் ஆழத்தில் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் மாற்றமடைந்த இப்பாறைகளிலே உயிர்ச்சுவடுகளைத் தேடுதல் வீண். குமாரசுவாமி ஆராய்ந்த சுண்ணக்கல் இவ்வினத்தது. அது வெப்பத்தால் மீளப் பளிங்காகிய சலவைக்கல்; அதன் பிறப்பின் அடையாளங்கள் அழிந்துவிட்டன. எஞ்சிய பத்திலொரு பங்கிற் பெரும்பகுதி வடக்கிலும் வடமேற்குக் கரையோரத்திலும் பரந்துள்ள அடையற் சுண்ணக்கல் ஆகும். குடாநாடு முழுவதும், தீவுகள், மன்னார், குதிரைமலை, புத்தளத்துக்கு வடக்கே அருவக்காலு வரை இது தொடர்கின்றது. தென்கிழக்கே யால வனத்துக் கரையில் மினிஹாகல்கந்தையில் ஒரு சிறு துண்டு தனித்துக் கிடக்கின்றது. ஒரே தீவில், ஒரே பெயரால் அழைக்கப்படும் இவ்விரு கற்களுள் ஒன்று தன் வரலாற்றை இழந்தது. மற்றது அதனை வைத்திருப்பது. எமது கவனத்துக்குரியது பின்னையதே.

யாழ்ப்பாணச் சுண்ணக்கல்லை 'முருகைக்கல்' எனப் பொதுவாகச் சொல்லிவிடும் வழக்கம் எம்மவரிடம் உண்டு. இது திருத்தப்பட வேண்டிய வழு. வடகரையிலும் தீவுகளிலும் கரையோரமாகக் காணப்படுவதும், நெடுந்தீவின் வேலிகளில் அடுக்கப்பட்டிருப்பதும் ஆன முருகைக்கல் மிகப் பிற்பட்ட காலத்தது. சில ஆயிரம் ஆண்டுகளே ஆனது. அதன் கீழும் அப்பாலும் விரிந்திருப்பது முற்றிலும் வேறான, கடினமான, மங்கிய வெண்ணிறமான பாறை. காங்கேசன்துறைப் பக்கத்துக் கரையோரப் பாறைமுகங்களில் அதனைக் கண்ணாற் காணலாம். அதனுள் முருகைகளும் உள. ஆயினும் அதனை ஆக்கிய பெருந் தொழிலாளர் அவையல்ல.

அவ்வாறாயின் அதனை ஆக்கியவர் யாவர்? புவிச்சரிதவியலார் காபனேற்று மேடை என ஒன்றைக் கூறுவர். வெப்பவலயத்தில், சூரிய ஒளி அடிவரை ஊடுருவக்கூடிய ஆழமற்ற தெளிந்த கடல். ஆறுகள் சேற்றைக் கொண்டுவந்து கலக்காத கடல். அங்கே சங்கும் சிப்பியும், கடல் முள்ளெலிகளும், சுண்ண அல்காக்களும், கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களும் கடல்நீரிற் கரைந்துள்ள கல்சியத்தைக் கொண்டு தத்தம் ஓடுகளைக் கட்டுகின்றன. அவை இறக்க, ஓடுகள் உடைந்து, பொடிந்து, சேறாகி, மணலாகிப் படிகின்றன. அடித்தளம் மெல்லத் தாழ, அதற்கு ஈடுகொடுத்துப் படிவு மேலெழுகின்றது. இவ்விரு வேகங்களும் ஒன்றையொன்று தொடருமாயின் ஆழமற்ற கடலிலேயே பெருந்தடிப்பான பாறை உருவாகலாம். இன்றைய பஹாமாத் தீவுகளின் கீழ் இவ்வாறு சில கிலோமீற்றர் தடிப்புக்குச் சுண்ணக்கல் திரண்டுள்ளது. மலையிலிருந்து அரிந்து வந்து படியும் மணற்கல்லுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அடிப்படையானது. மணற்கல் முன்னிருந்த பாறையின் சிதைவு. காபனேற்று மேடையோ உயிரின் உற்பத்தி. அது படிந்த இடத்திலேயே விளைந்தது.

எமது மேடை அத்துணைப் பெரியதன்று. குடாநாட்டின் கீழ் அதன் தடிப்பு பல பத்து மீற்றர். மன்னார்ப் பக்கமாகச் செல்லச் செல்லப் படைகள் தடித்து ஆழ்கின்றன. அதன் கீழே மணற்கற் படைகளும், அவற்றுக்கும் கீழே தொன்மையான உருமாறிய பாறையும் உள. 1970களின் நடுப்பகுதியிற் சோவியத் தொழினுட்ப உதவியோடு மன்னார்த் தீவின் பேசாலையில் எண்ணெய் தேடி ஆழ்துளைகள் இடப்பட்டன. எண்ணெய் கிட்டவில்லை. ஆனால் மேலிருந்து பார்த்து ஊகிக்கப்பட்ட படையொழுங்கைத் துளைத்துப் பார்க்க அவை வழி செய்தன.

இப்பாறையின் துண்டொன்றை உடைத்து, கைவில்லையால் நோக்குவோர்க்கு முதலிற் புலப்படுவன சில மில்லிமீற்றர் அளவான தட்டையான வட்டங்கள். குறுக்கே வெட்டினால் வளையம் வளையமாக அடுக்கிய நுண்ணறைகள் தெரியும். போராமினிபெரா என்னும் ஒற்றைக்கல உயிரினத்தைச் சேர்ந்த இவற்றின் பெயர் தபெரினா மலபாரிக்கா. 1850களிற் பம்பாயில் இராணுவ வைத்தியராகப் பணியாற்றிய ஹென்றி ஜோன் காட்டர், மலையாளக் கரையிலிருந்து கிடைத்த கற்களில் இதனைக் கண்டு விவரித்தார். மலபார் என்னும் பெயர் அவ்வாறு வந்தது. கிழக்கிந்தியக் கம்பனியின் வைத்தியர்களும் பொறியியலாளரும் ஓய்வு நேரத்திற் செய்த விஞ்ஞானம் எமது நிலத்தைப் பற்றிய அறிவின் தொடக்கமாக அமைந்தமை காலனித்துவ வரலாற்றின் முரண்களுள் ஒன்று. அந்த அறிவைப் புறக்கணித்தலும் தவறு. அது எவருக்காகத் திரட்டப்பட்டது என்பதை மறத்தலும் தவறு.

இவ்வுயிரியின் வாழ்முறை முக்கியமானது. இதன் இன்றைய உறவினங்கள் தம் உடலினுள் நுண் அல்காக்களை வைத்துப் பேணுகின்றன. அல்காக்கள் ஒளித்தொகுப்பால் உணவாக்குகின்றன. ஆகவே அவற்றுக்கு ஒளி வேண்டும். கடற்புல்லின் இலைகளில் ஒட்டி வாழ்வது அவற்றுட் பலவற்றின் இயல்பு. கொல்லத்துச் சுண்ணக்கல்லை அண்மையில் மீளாய்ந்தோர் அதனை ஒரு கடற்புற்றரையின் படிவாகவே விளக்கியுள்ளனர். கடற்புல் தானே கல்லாவதில்லை. அது அழுகி மறைந்துவிடும். புல்லில் வாழ்ந்தவற்றைக் கொண்டு புல்லை அறிகின்றோம். இரு கோடி ஆண்டுகளுக்கு அணித்தாக, இன்று வெங்காயமும் புகையிலையும் விளையும் இடத்தில், அலையடங்கிய வெதுவெதுப்பான ஆழமற்ற நீரின்கீழ்ப் பசும்புற்றரை அசைந்துகொண்டிருந்த காட்சியை இந்தச் சிறு வட்டங்கள் எமக்குத் தருகின்றன.

ஏனைய சுவடுகளும் உள. சிப்பிகள், சங்கினங்கள், கடல் முள்ளெலிகள், முருகைத் துண்டுகள், அருவக்காலுப் பக்கத்திற் சுறாப் பற்கள். இங்கே ஒரு நுட்பம் கவனித்தற்குரியது. ஊரி போன்ற கடினச் சிப்பிகள் தம் ஓட்டோடு காணப்பட, சங்கினங்கள் பெரும்பாலும் வெற்று அச்சுகளாகவே காணப்படுகின்றன. ஊரியின் ஓடு கல்சைற்று என்னும் நிலையான வடிவத்தது. சங்கின் ஓடு அரகனைற்று என்னும் எளிதிற் கரையும் வடிவத்தது. மழைநீர் பாறையினூடு இறங்கியபோது சங்கு கரைந்து போயிற்று. அது கிடந்த குழி மட்டும் எஞ்சிற்று. ஆகவே எஞ்சியிருப்பதை எண்ணி, இருந்ததை மதிப்பிட முனைவோர் ஏமாறுவர். சங்க இலக்கியத் தொகைகளைக் கொண்டு அக்காலத்துப் பாடல்கள் யாவும் அகமும் புறமுமாகவே இருந்தன என முடிவுகட்டுவோர்க்கும் இது பொருந்தும். தொகுத்தோர் காத்தவையே எமக்குக் கிடைத்தன. உழுதோரும் நெய்தோரும் பாடியவற்றுக்கு, அவற்றின் அச்சுக் குழிகளை அங்கங்கே காண்பதே எமக்குக் கிடைத்த பேறு.

இப்படைகளின் வயதை அறிந்த வகை ஒரு தனி வரலாறு. கீழ்ப்படை முந்தியது, மேற்படை பிந்தியது என்னும் நியதியை 1669இல் ஸ்டெனோ எடுத்துரைத்தார். ஆயினும் தூரத்தே இருக்கும் இரு படைகள் ஒரே காலத்தனவா என்பதை அதனாற் கூற இயலாது. அதற்கு உயிர்ச்சுவடே சாட்சி என்பதைக் கண்டவர் வில்லியம் ஸ்மித். கொல்லன் மகனாகிய அவர் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கால்வாய் வெட்டுகளிலும் நிலமளப்போராய் உழைத்தார். நிலக்கரியை மலிவாகக் கொண்டுசெல்லவேண்டிய மூலதனம் நிலத்தைப் பிளந்தது. பிளந்த நிலத்தை உழைப்பாளி ஒருவன் வாசித்தான். 1815இல் அவர் வெளியிட்ட படம் அவரைச் செல்வராக்கவில்லை. 1819இற் கடனுக்காகச் சிறையிருந்தார். கனவான்களின் புவிச்சரிதவியற் கழகம் 1831இலேதான் அவருக்குப் பதக்கமளித்தது. எங்கெல்சு 'இயற்கையின் இயக்கவியல்' எழுதியபோது இவ்வறிவின் பலனைத் தயக்கமின்றி எடுத்தாண்டார். லையலின் படிமுறைக் கொள்கையைப் போற்றிய அவர், அக்கொள்கை இயற்கையின் விசைகள் என்றும் மாறாதவை என எடுத்துக்கொண்டதைக் கண்டிக்கவும் தவறவில்லை.

இலங்கையின் படைகளை ஸ்மித்தின் முறையால் முதலில் ஒழுங்காக ஆராய்ந்தோர் வேலண்டும் டேவிசும் ஆவர். 'இலங்கையின் மயோசீன்' என்னும் அவர்களது கட்டுரை 1923இல் வெளிவந்தது. வேலண்ட் கனிப்பொருள் அளவையிற் பணியாற்றியபோது வடமேற்குக் கரையிற் சேகரித்த சுவடுகளே அதன் ஆதாரம். 1950இல் ஈம்ஸ் இக்கேள்வியை மீண்டும் எடுத்தார். கேரளத்திலும் இலங்கையிலும் தபெரினா தோன்றுவதை வைத்து இவை மயோசீனின் முற்பகுதியாகிய பேர்டிகாலியன் காலத்தன என அவர் வாதிட்டார். இன்றைய கணிப்பில் அது இற்றைக்கு 2 கோடியே 4 இலட்சம் ஆண்டுகள் முதல் 1 கோடியே 60 இலட்சம் ஆண்டுகள் வரையான காலம். நுண்ணுயிர்ச் சுவடுகள் இத்துணைக் கவனத்தோடு ஆராயப்பட்டதற்குக் காரணம் தூய அறிவு வேட்கை மட்டுமன்று. எண்ணெய்க் கம்பனிகள் துளையிடும்போது முழுச் சங்கு மேலே வருவதில்லை. தூளில் அகப்படும் போராமினிபெராவே படையை இனங்காட்டும்.

இப்பாறையின் மேலே என்ன உள்ளது என்பதும் வினாவுக்குரியது. செம்மண்ணும், மணலும், கரையோரத்து முருகைக்கல்லும் உள. ஆனால் இவற்றுக்கும் சுண்ணக்கல்லின் மேற்பரப்புக்கும் இடையே கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஓர் இடைவெளி கிடக்கின்றது. அக்காலத்துப் படிவு எதுவும் எஞ்சவில்லை. கடல் பின்வாங்க, மேடை நிலமாகி, வெயிலிலும் மழையிலும் அரிந்துகொண்டிருந்த காலம் அது. வரலாற்று நூலிற் பக்கங்கள் கிழிந்துபோயின எனச் சிலர் கூறுவர். எழுதப்படவேயில்லை என்பதே பொருத்தமான கூற்று. அவ்விடைவெளியைக் கடந்து, இரணைமடுவின் பரற்கற் படைகளில் மனிதன் செதுக்கிய கற்கருவிகள் கிடைக்கின்றன. அங்கிருந்து கந்தரோடைக்கும் ஆனைக்கோட்டைக்கும் வரும் தூரம், புவிச்சரிதவியலின் கணக்கில், ஒரு கணப்பொழுது.

இவ்விடத்தில் ஒரு விடயத்தை வெளிப்படையாகக் கூறுதல் கடனாகும். கடல்கொண்ட குமரிக்கண்டத்திலிருந்தே தமிழர் வந்தனர் என்னும் நம்பிக்கை இன்றும் எமது மேடைகளிலும் மலர்களிலும் வாழ்கின்றது. 1864இல் ஸ்கிளேற்றர் என்னும் விலங்கியலாளர் மடகாஸ்கரின் லெமூர்களை விளக்கக் கற்பித்த நிலப்பாலம் 'லெமூரியா'. அது தமிழ்ப் பற்றாளர் கையிற் சேர்ந்து தொல்புராணமாயிற்று. இன்று தளத்தட்டியல் அதனைத் தேவையற்றதாக்கிவிட்டது. இலங்கையும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒன்றாயிருந்தன, உண்மை. ஆனால் இடைநிலம் மூழ்கவில்லை, நிலத்தட்டுகள் விலகின. குமரிமுனைக்குத் தெற்கே ஆழ்கடலின் அடித்தளம் எரிமலைப் பாறையாலாயது. அது மூழ்கிய கண்டமன்று. யாழ்ப்பாணச் சுண்ணக்கல் கூறும் செய்தி புராணத்துக்கு நேரெதிரானது. கடல் நிலத்தைக் கொள்ளவில்லை. நிலமே கடலில் விளைந்தது.

அதேவேளை மற்றொரு கற்பனையும் இப்பாறையின் முன் நிற்கவியலாது. இலங்கையை ஆதிதொட்டுத் தனித்த, கடலாற் காக்கப்பட்ட புனித பூமியாகக் காணும் கற்பனை அது. பாக்குநீரிணையின் இருமருங்கும், அதன் அடியிலும், மயோசீன் படைகள் தொடர்கின்றன. கடைசிப் பனிக்காலத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், கடல்மட்டம் இன்றிருப்பதிலும் 120 மீற்றர் அளவிற் தாழ்ந்திருந்தது. அன்று நீரிணை இல்லை. காலால் நடக்கக்கூடிய நிலமே இருந்தது. ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன்னரேதான் கடல் இன்றைய மட்டத்தை அணுகிற்று. எவர் முந்தியவர் என்னும் வழக்கிற் கல்லைச் சாட்சிக்கு அழைப்போர் இருதரத்தாரும் கைவிடப்படுவர்.

கல்லின் மறு வாழ்வு நீரோடு தொடங்குகின்றது. மழை காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்து மெல்லமிலமாகின்றது. அது சுண்ணக்கல்லைக் கரைக்கின்றது. வெடிப்புகள் அகன்று குகைகளும் குழாய்களும் ஆகின்றன. கரையாது எஞ்சிய களியும் இரும்பொட்சைட்டும் வலிகாமத்துச் செம்மண்ணுக்கு நிறங்கொடுத்தன. குடாநாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை, பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரை, பெய்கின்றது. அதன் ஒரு பகுதி இவ்வெடிப்புகளால் இறங்கிப் பாறையினுட் தங்குகின்றது. கடல்நீர் நன்னீரிலும் சற்றே அடர்ந்தது. எனவே நன்னீர் அதன்மேல் ஒரு வில்லைபோல் மிதக்கின்றது. 1880களின் இறுதியில் ஒல்லாந்தரான பாடன் கைபனும், 1901இல் ஜேர்மானியரான ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்ட கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நிற்கும். இதன் மறுபக்கமே அச்சமூட்டுவது: மேலே ஒரு மீற்றரை இறைத்துவிட்டால் கீழிருந்து உவர்நீர் 40 மீற்றர் எழ விழையும். புத்தூரின் நிலாவரைக் கிணறு இதனைக் கண்கூடாகக் காட்டுவது. இராமன் அம்பெய்து உண்டாக்கியதெனக் கதை கூறும் அவ்வற்றாக் கேணியில் மேலே நன்னீர், ஆழத்தே உவர்நீர். வீட்டுக் கேத்தலின் அடியிற் படியும் வெண்பொருக்கும் இக்கரைசலின் எச்சமே; மயோசீன் கடலின் ஓடுகளை நாம் நாள்தோறும் தேநீரோடு பருகுகின்றோம்.

இனி இவ்வியற்கை சமூகத்தினுட் புகும் இடம். ஆறு பலரது, குளம் ஊரது, கிணறோ வெட்டிய காணிக்குச் சொந்தக்காரனது. நீரைத் தரைக்கு மேல் ஓடவிடாது கல்லினுள் ஒளித்த இந்நிலவமைப்பு, நீரைத் தனியுடைமையாக்குதலை எளிதாக்கிற்று. சாதியைச் சுண்ணக்கல் ஆக்கியது என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுதல் புவியியல் நியதிவாதம். இதே கல்லின்மேல் வேறு நாடுகளில் வேறு சமுதாயங்கள் வாழ்கின்றன. நிலவுடைமையும் அதனோடு பிணைந்த குடிமை முறையும் ஏற்கெனவே இருந்தன. கல் அவற்றின் கையில் ஒரு கருவியைக் கொடுத்தது. அலவாங்காலும் வெடியாலும் கல்லை உடைத்துக் கிணறு தோண்டிய கைகளிற் பெரும்பாலானவை அக்கிணற்றில் நீரள்ளும் உரிமையற்ற கைகளாயிருந்தன. பட்டை பிடித்துத் தண்ணீர் வார்ப்பாரின் தயவுக்காகக் குடத்தோடு காத்து நின்ற பெண்களை யாழ்ப்பாணத்து முற்போக்கு இலக்கியம் பதிவு செய்திருக்கின்றது. கே. டானியல் தமது நாவலொன்றுக்குத் 'தண்ணீர்' எனப் பெயரிட்டமை தற்செயலன்று. 1966 ஒக்டோபர் 21இற் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டமும் இதே நீர்ப்படையின் மேலேதான் நிகழ்ந்தன. கீழே நீர் ஒன்றே. ஒரு கிணற்றின் நீர் வெடிப்புவழி அடுத்த கிணற்றுக்குச் செல்கின்றது. தீட்டுக் கற்பித்தோரின் கிணறும் தீட்டுக்குரியோர் எனப்பட்டோரின் கிணறும் பாறையினுள் என்றும் கலந்தே இருந்தன.

துலா இருந்தவரை இறைப்பதற்கு மனித உடலே எல்லை. மண்ணெண்ணெய் இயந்திரங்கள் வந்ததும் அவ்வெல்லை அகன்றது. 1970இற்கும் 1977இற்கும் இடையே, மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, குடாநாட்டின் தோட்டச் செய்கை முன்னெப்போதும் இல்லாத இலாபம் கண்டது. அக்கொள்கையின் நியாயத்தை நாம் மறுக்கவில்லை. ஆயினும் சந்தை நீரை இழுத்தது. உரம் நீருள் இறங்கிற்று. மண் மெல்லிதாய், கல் வெடிப்புள்ளதாய் இருக்குமிடத்தில் வடிகட்டல் நிகழ்வதில்லை. மலசல கூடக் குழியும், யூரியாவும் கிணற்றை நேரே சென்றடைகின்றன. உலக சுகாதார நிறுவனம் வகுத்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று எல்லையைக் கடந்த கிணறுகள் குடாநாட்டிற் பல என ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. சுன்னாகத்தில் மின் உற்பத்தி நிலையமொன்றின் சுற்றாடலில் எண்ணெய் கிணறுகளிற் கலந்த விவகாரம் 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது. சாதி பிரித்த நீரை எண்ணெய் பிரிக்கவில்லை. ஆனால் போத்தல் நீர் வாங்க இயன்றோரும் இயலாதோரும் என்ற பிரிவு அப்பொழுது தெளிவாயிற்று.

கல்லே பண்டமாகும் கதை 1950இற் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையோடு தொடங்குகின்றது. தொழிற்சாலை இல்லாத குடாநாட்டில் அது ஒரு தொழிலாளி வர்க்கத்தைத் தோற்றுவித்தது, தொழிற்சங்கத்தை வளர்த்தது. இதனைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. சுண்ணக்கல்லைக் களியோடு சேர்த்துச் சூளையிற் பெருவெப்பத்தில் வேகவைக்க, மயோசீன் புற்றரை பிடித்துவைத்த காபனீரொட்சைட்டு வெளியேறுகின்றது; எஞ்சியது தூளாகிச் சாக்கில் ஏறுகின்றது. போர் காரணமாக 1990இல் உற்பத்தி நின்றது. அவ்வாண்டிலேயே வலிகாமம் வடக்கின் மக்களும் தம் ஊர்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். ஆண்டுகள் பல கடந்து, பகுதி பகுதியாக நிலம் விடுவிக்கப்பட்டபோது திரும்பியோர் கண்டவற்றுள் அகழ்ந்த பள்ளங்களும் அடங்கும்.

சுண்ணக்கல் நன்னீர் வில்லையின் கொள்கலமும் கூரையும் ஆகும். நீர்மட்டத்துக்குக் கீழே அகழ்ந்தால் வில்லை வெயிலுக்குத் திறந்துவிடப்படுகின்றது. கரைக்கு அருகே அகழ்ந்தால் கடலுக்கு வழி திறக்கின்றது. தெற்கே அருவக்காலுவில், புத்தளம் சீமெந்துக்காக அகழ்ந்த பரப்பில், மீதொட்டமுல்லைக் குப்பைமேடு 2017இற் சரிந்து உயிர்கள் பலியான பின்னர், கொழும்பின் குப்பை கொண்டுசெல்லப்படலாயிற்று. இலங்கையின் மயோசீன் உயிர்ச்சுவடுகள் மிகச் செறிந்த இடங்களுள் அது ஒன்று. அங்கு வெடிவைக்கும் ஒவ்வொரு நாளும் புதிய படைமுகம் ஒன்று தெரிகின்றது. வரைந்தோ சேகரித்தோ வைக்கப்படாவிடின் மறுநாள் அது அரைக்கப்படுகின்றது.

காங்கேசன்துறை ஆலையை மீள இயக்குவது பற்றிய பேச்சு அவ்வப்போது எழுகின்றது. வேலை வேண்டும் என்போரின் கோரிக்கை நியாயமானது. முன்னர் அகழ்ந்த பள்ளங்களின் ஆழம், அவற்றில் நிற்கும் நீரின் உவர்ப்பு, சுற்றியுள்ள கிணறுகளில் மாரிக்கும் கோடைக்கும் இடையே நீர்மட்டம் மாறும் அளவு ஆகியன அளக்கப்பட்டு, அவ்வளவைகள் தமிழில் அச்சிடப்பட்டு, அக்கிணறுகளில் நீரள்ளும் மக்களின் கையில் முதலிற் சேர வேண்டும். பாறைமுகங்களை வரைபடமாக்கிச் சுவடுகளைச் சேகரிக்கும் வேலைக்கு எமது பல்கலைக்கழகத்தின் புவியியல் மாணவர்களும், அவர்களோடு செல்ல விரும்பும் இலக்கிய மாணவர்களும் போதுமானவர்கள். தேவையானவை சுத்தியல், கைவில்லை, அளவுநாடா, குறிப்புப் புத்தகம். வைகாசி, ஆனி மாதங்களில் நீர் தாழ்ந்து பள்ளங்களின் கீழ்ப்படைகள் வெளித்தெரியும்.